பிரைட்டன் வீட்டின் கறுப்பு முகப்பு: அது செங்கல்தானா?

கேள்வி:

வணக்கம். இங்கிலாந்தின் பிரைட்டனில், கடலிலிருந்து இரண்டு தெரு உள்ளே, 1790-களில் கட்டியதாகச் சொல்லப்படும் ஒரு வீட்டின் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். வெயில் பட்டால் கண்ணாடிபோல் மின்னும் கறுப்புச் செங்கல் முகப்பு அதற்கு. சென்ற வாரம் வாசற்கதவின் அருகே விரல் முட்டியால் தட்டிப் பார்த்தபோது, காலி மரப்பெட்டியைத் தட்டியதுபோல் ஓசை வந்தது. மூலையில் செங்கல் வரிசை பக்கச் சுவருக்குத் திரும்பாமல், மேலிருந்து கீழ்வரை ஓடும் ஒரு வெள்ளை மரப்பலகையில் முட்டி நின்றுவிடுகிறது. பக்கச் சுவரில் கறுப்புச் செங்கல் ஒன்றுகூட இல்லை. பூச்சு உதிர்ந்த இடத்தில் கடற்கல்லும் செங்கல் துண்டுகளும் சுண்ணாம்பும்தான் தெரிகின்றன. இது எவ்வகைக் கட்டுமானம்? செங்கல் வரிக்குத் தப்புவதற்காக இப்படிக் கட்டினார்கள் என்று உரிமையாளர் சொல்வது சரியா? முகப்பில் இரண்டு மூன்று விரிசல்களைச் சிமென்டால் அடைக்கவும் அவர் எண்ணியிருக்கிறார்.

மறுமொழி 1:

நீங்கள் பார்ப்பது செங்கல் அன்று, ஓடு. அங்கே அதை 'மேத்தமேட்டிக்கல் டைல்' என்பார்கள். ஒவ்வோர் ஓட்டுக்கும் இரண்டு பகுதிகள் உண்டு. மேற்பகுதி மெல்லிய தகடாக இருக்கும். அதை மரச்சட்டத்தில் ஆணியால் அறைவார்கள், அல்லது சாந்தில் பதிப்பார்கள். கீழ்ப்பகுதி தடித்து, செங்கல்லின் முகம்போல் வெளியே நிற்கும். மேல் வரிசை ஓடு கீழ் வரிசையின் தகட்டை மூடிக்கொள்ள, இடுக்கில் சுண்ணாம்புச் சாந்தை நிரப்பிவிட்டால், தெருவில் நிற்பவருக்கு நல்ல செங்கல் சுவர் என்றே தோன்றும். குட்டு வெளிப்படுவது மூலையில்தான். தட்டையான ஓட்டை மடக்க முடியாது என்பதால், அந்த விளிம்பை மறைக்க மரப்பலகை வைப்பது வழக்கம். உங்கள் தட்டலுக்கு உள்ளீடற்ற ஓசை வந்ததால், ஓட்டின் பின்னே மரச்சட்டமும் காற்றிடைவெளியும் இருப்பதாகவே கொள்ளலாம். இதே கறுப்பு ஓடுகளை வரிசையாகப் பார்க்க விரும்பினால், 1798-க்கும் 1807-க்கும் இடையே அதே ஊரில் எழுந்த ராயல் கிரசென்ட் என்னும் வீட்டு வரிசை வரை நடந்துவிட்டு வாருங்கள்.

மறுமொழி 2:

வரிக் கதையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். செங்கல் வரி 1784-இல் வந்தது. 1850 வரை நீடித்தது. ஆனால் 1784-இல் ஓட்டுக்கும் சேர்த்தே வரி விதித்தார்கள். மேலும் இவ்வகை ஓடு 1720-களிலேயே புழக்கத்தில் இருந்ததால், வராத வரிக்கு அறுபது ஆண்டு முன்னதாகவே அஞ்சினார்கள் என்று சொல்ல வேண்டியிருக்கும். பழைய மரச்சட்ட வீட்டை இடிக்காமல் அதற்குப் புது முகம் போடும் வசதியும், அக்காலத்தின் செங்கல் மோகமும், கடற்காற்றோடு சாய்ந்து அடிக்கும் மழையை வழுக்கிவிடும் மெருகுமே இவ்வோடு பரவியதற்குப் பொருத்தமான காரணங்கள். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னர் ஆன வேல்ஸ் இளவரசருக்காகக் கட்டடக் கலைஞர் ஹென்றி ஹாலண்ட் 1787-இல் பிரைட்டனில் கட்டிய மரீன் பெவிலியன் மாளிகைக்கும் இவ்வகை ஓடுதான், வெளிர்மஞ்சள் நிறத்தில். செலவுக்கு அஞ்சியவர் என்று அந்த இளவரசரை அவருடைய பகைவர்கள்கூடச் சொன்னதில்லை.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. இன்று மூலைப் பலகையின் இடுக்கில் கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்று செதில்போல் ஏறி நிற்பதும், துருவேறிய ஓர் ஆணித்தலையும் தெரிந்தன. அப்படியானால் சிமென்ட் வைக்கலாமா, கூடாதா? பக்கச் சுவர் எதனால் ஆனது?

மறுமொழி 3:

வைக்கவே கூடாது. சிமென்ட் இறுகிவிட்டால் ஓட்டைப் பிடித்துக்கொள்ளும்; பின்னால் உள்ள மரம் ஈரத்தாலும் வெயிலாலும் சற்று அசையும்போது, உடைவது சாந்தாக இராது, மெருகோடு ஓடே உடையும். உள்ளே புகுந்த நீரும் வெளியேற வழியின்றித் தங்கி, மரத்தை உளுக்கச் செய்து, ஆணியையும் அரிக்கும். சுண்ணாம்புச் சாந்து அசைவுக்கு இடங்கொடுக்கும், ஈரத்தையும் வெளியே விடும். தேய்ந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். கழன்ற ஓடு எதையும் எறிந்துவிடாதீர்கள், அதே அளவிலும் அதே மெருகிலும் மாற்று ஓடு கிடைப்பது அரிது.

பக்கச் சுவரை அவ்வூரில் 'பங்கரூஷ்' என்பார்கள். இரு பலகைகளுக்கு நடுவே சுண்ணாம்பையும் கையில் அகப்பட்ட கல், செங்கல் உடைசலையும் கொட்டி இறுகவிட்ட சுவர் அது. அதிக ஈரம் ஏறினால் சுண்ணாம்பு கரைந்து சுவர் சரியும். குழாய்நீரைக் குறிபார்த்து அடித்தால் பிரைட்டனில் பாதி வீடுகள் விழும் என்று அங்குள்ள கட்டுமானக்காரர்கள் கேலி பேசுவது வெறும் கேலி மட்டுமன்று. எனவே முகப்பு விரிசலைவிட, அந்தச் சுவரின் மேலே ஓடும் மழைநீர்க் குழாயில் ஒழுக்கு உண்டா என்பதை முதலில் பாருங்கள்.

அந்த வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருக்க வாய்ப்பு மிகுதி. இருந்தால், அதன் தன்மையைப் பாதிக்கும் மாற்றத்துக்கு நகராட்சியின் முன் அனுமதி வேண்டும். அனுமதியின்றிச் செய்வது குற்றவியல் குற்றம். சிமென்ட் மூட்டையை வாங்கும் முன் உரிமையாளர் நகராட்சியின் பழங்கட்டடப் பாதுகாப்பு அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுவது நல்லது.