அணுவுக்குள் பெரும்பாலும் வெற்றிடம் என்றால் மேசைக்குள் கை ஏன் நுழைவதில்லை?

கேள்வி: அணுவின் குறுக்களவில் அணுக்கரு ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்குதான் என்று மகளுக்குச் சொன்னேன். "அப்போ கை ஏன் உள்ளே போகல?" என்று மேசையைத் தட்டிக் காட்டுகிறாள். என்ன சொல்லலாம்?

பதில்: எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கும். அவ்வளவுதான்.

பதில்: அது பாதி விடைதான். 1925-இல் இயற்பியலாளர் பவுலி சொன்ன தவிர்ப்பு விதிதான் இங்கே முக்கியம். ஒரே குவாண்டம் நிலையில், அதாவது எலக்ட்ரானுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே 'இருக்கை'யில், இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது. கையை அழுத்தினால் சில எலக்ட்ரான்கள் கூடுதல் ஆற்றல் நிலைக்கு ஏறியாக வேண்டும். அந்த ஆற்றலைக் கைதான் தரவேண்டும். மேசை கெட்டியாகத் தெரிவது அதனால்தான். அப்புறம், 'வெற்றிடம்' என்று சொல்லாதீர்கள். எலக்ட்ரான் மேகம் அணு முழுக்கப் பரவியிருக்கிறது.

கேட்டவர்: சரி, நியூட்ரினோ என்ற நுண்துகள் மட்டும் எப்படிப் பூமியையே துளைத்துப் போகிறது?

பதில்: அதற்கு மின்சுமை கிடையாது, எலக்ட்ரானோடு இடத்துக்குப் போட்டியும் கிடையாது. மகளிடம் இதையும் சொல்லுங்கள், அடுத்த கேள்வி தானாக வரும்.