அஞ்சல் குறியீட்டைச் சொல்லுங்கள்

நான் காட்பாடிக்காரன். லண்டனில் அரசியல் அறிவியல் முதுகலை படித்தபோது, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபை உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் பயிற்சியாளராக இருந்தேன். பாடத்தின் ஒரு பகுதி என்பதால் சம்பளம் கிடையாது. பயணச் செலவும் மதியச் சாப்பாட்டுக் காசும் கொடுத்தார்கள்.

ஊரில் இதைச் சொன்னதும் வரும் முதல் கேள்வி, "பிரதமரைப் பார்த்தாயா?" என்பதுதான். பார்த்தேன். புதன்கிழமை பகல் 12 மணிக்கு அவர் சபையில் கேள்விகளுக்குப் பதில் சொல்வார். அலுவலகத் தொலைக்காட்சியில், நீங்கள் யூடியூபில் பார்ப்பதைப் போலவே நானும் பார்த்தேன். 650 உறுப்பினர்கள் இருக்கும் சபையில் உட்கார இடம் ஏறக்குறைய 430 பேருக்குத்தான். உறுப்பினர்களே படிக்கட்டில் குந்தியிருக்கும்போது பயிற்சியாளனுக்கு யார் இடம் தருவார்கள்?

என் வேலை தொலைபேசியும் தபாலும். தொலைபேசியை எடுத்தால் வணக்கத்துக்குப் பிறகு கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: அஞ்சல் குறியீடு. அழைப்பவர் நம் தொகுதிக்காரரா என்று அதை வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லையென்றால், குறை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் அதில் கைவைக்கக் கூடாது. அது அந்தத் தொகுதியின் உறுப்பினருக்கு உரியது. சட்டம் அல்ல, மரபுதான். ஆனால் சட்டத்தைவிடக் கறாராகக் கடைப்பிடிக்கிறார்கள்.

எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. காட்பாடி வேலூர் மாநகராட்சிக்குள் இருக்கிறது. மக்களவைத் தொகுதியோ அரக்கோணம். ஆம்பூரும் வாணியம்பாடியும் வேலூர் தொகுதி. 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகு அவை திருப்பத்தூர் மாவட்டம். எங்கள் தெருவில் "உங்கள் எம்.பி. யார்?" என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் வேலூர் எம்.பி.யின் பெயரைத்தான் சொல்வார்கள்.

ஒருநாள் வயதான ஓர் அம்மாள் அழைத்தார். என் பெயரைச் சொன்னதுமே, "தமிழோ தம்பி?" என்றார். பேச்சில் யாழ்ப்பாணம். உள்துறையில் விண்ணப்பம் ஒன்று நெடுநாளாகத் தேங்கிக் கிடக்கிறது என்றார். (விவரம் வேண்டாம், அலுவலகத்தில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது.) அஞ்சல் குறியீட்டைத் தட்டினேன். பக்கத்துத் தொகுதி! தெருவின் ஒரு பக்கம் எங்களுடையது, அவர் வீடு எதிர்ப்பக்கம். முடியாது என்று தமிழில் சொல்வது ஆங்கிலத்தில் சொல்வதைவிடக் கடினம் என்று அன்று தெரிந்தது. பக்கத்துத் தொகுதி அலுவலக எண்ணையும், கையில் எந்தெந்தக் கடிதங்களை வைத்துக்கொண்டு பேச வேண்டும் என்பதையும் சொன்னேன். பொறுமையாக எழுதிக்கொண்டவர், எந்த ஊர் என்று கேட்டார். வேலூர் என்றதும் குரலே மாறிவிட்டது. அவர் கணவருக்கு சி.எம்.சி.யில்தான் அறுவை சிகிச்சை நடந்ததாம். ஆஸ்பத்திரிக்கு எதிரே தங்கியிருந்த லாட்ஜ், கோட்டை அகழி, அந்த வெயில் என்று பேசிக்கொண்டே போனார். பக்கத்து மேசையிலிருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை.

தபால் வேறு ரகம். ஒரே வாசகத்தோடு நூற்றுக்கணக்கில் வரும் பிரசார மின்னஞ்சல்கள், சட்ட மசோதா பற்றிய கருத்துகள், சொந்தக் குறைகள் என்று பிரித்து வைக்க வேண்டும். தொகுதிக்காரர் எழுதியிருந்தால் பதில் போயாக வேண்டும். நாடாளுமன்றத்தின் இரும்புக் கம்பிக் கதவுச் சின்னம் பச்சையில் அச்சிட்ட தாளில் கடிதம் தயாராகும். உறுப்பினர் கையெழுத்திட்டு, சிலவற்றின் அடியில் பேனாவால் ஒரு வரி சேர்ப்பார். அந்த ஒரு வரிக்காக நன்றி சொல்லித் திரும்ப எழுதியவர்கள் உண்டு. காரியம் நடந்ததா என்றால், பல சமயம் இல்லை. மரியாதை குறையாமல் "முடியாது" என்று சொல்வதில் அந்த நாட்டு அமைச்சகங்களை மிஞ்ச ஆள் கிடையாது.

சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்வு நாளில் பட்டா மாற்றத்துக்காக அப்பாவோடு வரிசையில் நின்றவன் நான். ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. ஆனால் "அங்கே எல்லாம் ஒழுங்கு, இங்கே ஒன்றுமில்லை" என்று முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இங்கிலாந்தில் ஒரு தொகுதிக்குப் பெரும்பாலும் 70,000 முதல் 77,000 வாக்காளர்கள். வேலூர் மக்களவைத் தொகுதியில் ஏறத்தாழ 15 லட்சம். பேனாவால் ஒரு வரி சேர்க்க நம் எம்.பி.க்கு எத்தனை கைகள் வேண்டும்?

எங்கள் ஊர் அரசியலைப் பற்றி அலுவலகத்தில் கேட்டபோது 2019-ஐச் சொன்னேன். கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டதால், வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு வேலூர் தேர்தலையே ரத்து செய்து, ஆகஸ்ட் 5-ஆம் தேதி நடத்தினார்கள். தலையில் கைவைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். "ரத்து செய்யும் அதிகாரம் உங்கள் தேர்தல் ஆணையத்துக்கு இருக்கிறதா?" என்று பொறாமையோடு கேட்டார் மூத்த உதவியாளர்.

அப்பா லண்டன் வந்தபோது உள்ளே அழைத்துப் போனேன். 1941-இல் குண்டு விழுந்து அழிந்த சபையை 1950-இல் மீண்டும் கட்டித் திறந்தபோது, நுழைவுக் கதவுகளை இந்தியாவும் பாகிஸ்தானும் அன்பளிப்பாகக் கொடுத்தன என்று காட்டினேன். "ஒரே வாசலுக்கு இரண்டு பேருமா!" என்றார். அதற்குள் வாக்கெடுப்பு மணி அடித்துவிட்டது. மணி ஒலித்து எட்டு நிமிடத்தில், வாக்களிக்கப் போகும் கூடமான லாபியின் கதவைப் பூட்டிவிடுவார்கள். உறுப்பினர்கள் மாடிப்படியில் தடதடவென்று ஓடிவந்தார்கள். காட்பாடியில் வண்டி கிளம்பும்போது ஓடுவது போல இருக்கிறது என்று அப்பா சிரித்தார். ரயில்வேயில் வேலை பார்த்தவர் வேறு எதைச் சொல்வார்?

போக நினைப்பவர்களுக்கு: மாணவர் விசாவில் கல்லூரி நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். பயிற்சி பாடத்தில் சேர்ந்ததா, தனி வேலையா என்பதைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். பாதுகாப்புச் சோதனை முடிந்து நாடாளுமன்றத்துக்குள் போவதற்கான பாஸ் வர வாரக்கணக்கில் ஆகும். விண்ணப்பத்தை முன்கூட்டியே போடுங்கள். அவ்வளவு செலவு முடியாது என்றால் டெல்லியிலேயே வழி இருக்கிறது. பி.ஆர்.எஸ். என்ற நாடாளுமன்ற ஆய்வு அமைப்பு (கட்சி அல்ல) நடத்தும் லேம்ப் (LAMP) திட்டத்தில் இளம் பட்டதாரிகள் ஓர் எம்.பி.யிடம் உதவியாளராக வேலை பார்க்கலாம். எந்தப் பட்டமானாலும் சரி, உதவித்தொகையும் உண்டு. வயது வரம்பு மட்டும் கறார், படிப்பு முடித்த கையோடு விண்ணப்பித்துவிடுங்கள்.