செல் வளர்ப்புக்கு எந்தப் பை? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

காரைக்குடி உறுப்பினர்:

அழகப்பா பல்கலைக்கழகத்தில் உயிரித் தொழில்நுட்பம் முடித்து ஆலை வேலைக்குப் போகும் தம்பி, தங்கைகள், நான் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் மருந்து தயாரிப்புக்காகச் செல்களை வளர்க்கும், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளில் எந்த நிறுவனத்துடையது நல்லது என்று கேட்கிறார்கள். ஒரு பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாத கேள்வி அது. பாலிஎத்திலீன் என்று பையின் மேல் எழுதியிருப்பது பாதி விவரம்கூட இல்லை.

பெங்களூரில் நான் பணியாற்றும் ஆலையில், ஆடும் மேடையில் வைத்து அசைக்கும் பையில் வளர்த்த சிஎச்ஓ செல்கள் (சீன வெள்ளெலியின் சூலகத்திலிருந்து வந்தவை), கண்ணாடிக் குடுவையில் வளர்ந்த அதே செல்களைவிட மிக மெதுவாகப் பெருகின. ஊடகம் (செல்கள் வளரும் சத்துத் திரவம்), பிஎச், ஆக்சிஜன் என அனைத்தையும் சரிபார்த்து முடித்த பிறகே சந்தேகம் பையின் படலத்தின்மேல் திரும்பியது. படலம் வார்க்கும்போது பாலிமர் சிதையாமலிருக்க இர்காபாஸ் 168 போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பியைச் சேர்ப்பது வழக்கம். கிருமி நீக்கத்துக்காகப் பையின்மேல் 25 முதல் 40 கிலோகிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) வரை காமா கதிர் பாயும்போது, அந்தத் தடுப்பியிலிருந்து உண்டாகும் பிடிடிபிபிபி என்ற பாஸ்பேட் சேர்மம் ஊடகத்தில் கசிகிறது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைந்த அளவே செல்களின் வளர்ச்சியைத் தடுக்கப் போதும் என்பதை 2013இல் ஆம்ஜென் என்ற அமெரிக்க உயிரி மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்டிருந்தார்கள்.

விற்பனையாளர்கள் முதலில் நீட்டுவது யுஎஸ்பி எனும் அமெரிக்க மருந்துத் தரநூலின் ஆறாம் வகுப்புச் சான்றிதழைத்தான். அது, பிளாஸ்டிக் உடலுக்குத் தீங்கு செய்கிறதா என்று விலங்குகளில் செய்யப்படும் சோதனை. உங்கள் செல் அந்தப் பையில் வளருமா என்பதற்கு அதில் விடை கிடையாது. ஆகவே புதிய படலம் எதுவானாலும், செல் இல்லாத ஊடகத்தைப் பையில் நிரப்பி 37 டிகிரியில் சில நாள் வைத்திருந்து, பிறகு அதே ஊடகத்தில் செல்களை வளர்த்து, கண்ணாடியில் வைத்திருந்த ஊடகத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். சோதனைக்குச் சிறிய பையே ஏற்றது. கொள்ளளவுடன் ஒப்பிட்டால் அதில்தான் படலப் பரப்பு அதிகம், கசிவும் அதிகம்.

தேவகோட்டை உறுப்பினர்:

அண்ணன் பை கசியவிடுவதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பை உறிஞ்சிக்கொள்வதையும் நான் பார்த்திருக்கிறேன். கொலஸ்டிராலைத் தானே தயாரித்துக்கொள்ள இயலாத என்எஸ்0 என்ற எலிச் செல்களுக்கு அதை ஊடகத்தில் கலந்து கொடுத்தோம். எஃகுக் கலனில் செழித்தவை பாலிஎத்திலீன் பையில் வாடின, ஏனெனில் கொழுப்புச் சத்தைப் படலமே பிடித்துக்கொண்டது. கசிவுச் சோதனையில் தேறிய பையும் இதில் தோற்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளத்தூரில் சிறிய ஆய்வகம் தொடங்கும் உறவுக்காரப் பிள்ளை, பூர்வீக வீட்டின் இரண்டாங்கட்டு சித்திரை வெயிலிலும் குளுமையாக இருப்பதால் பைகளை அங்கேயே அடுக்கிவிடலாமா என்று கேட்டான். குளுமை என்பது கைக்குத் தெரிவது. தணிக்கைக்கு வரும் அதிகாரி கேட்பது வெப்பநிலைப் பதிவேட்டை என்றேன். உற்பத்தியாளர் குறித்த வெப்ப வரம்பும் காலாவதித் தேதியும் அங்கேயும் பொருந்தும். பெட்டிமேல் பெட்டியாக ஏற்றவும் கூடாது. மடிப்பு அழுந்திய இடத்தில் படலம் நுண்துளை கண்டால், பெரும்பாலும் ஊடகத்தை நிரப்பிய பிறகுதான் அது தெரியவரும்.