புதுப்பிப்பு: எஞ்சின் போர் போட்ட மாருதி 800, நீலப்புகை நின்றது

போர் போட்டு (தேய்ந்த சிலிண்டரை உள்ளே கடைந்து), புது பிஸ்டனும் அதைச் சுற்றி மாட்டும் ரிங்கும் மாற்றிய பிறகும் வண்டி நீலமாகப் புகைகிறது, 200 கிலோமீட்டருக்குள் கால் லிட்டர் ஆயில் குடித்துவிட்டது என்று போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மெக்கானிக் சொன்னபடி நாற்பதைத் தாண்டாமல் உருட்டிக்கொண்டிருந்ததுதான் தப்பு. எரியும் வாயுவின் அழுத்தம் பின்னாலிருந்து தள்ளினால்தான் ரிங் சிலிண்டர் சுவரில் படியும், தாலாட்டுவதுபோல மெதுவாகவே ஓட்டினால் சுவர் வழவழத்து ரிங் படியாமல் போய்விடும் என்று ஒருவர் எழுதியிருந்தார் இல்லையா, அதுதான் வேலை செய்தது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, விடியற்காலை காலி ரோட்டில் மூன்றாம் கியரில் 30லிருந்து 60 வரை நன்றாக மிதித்து, காலை எடுத்து, கியரிலேயே வேகம் குறையவிட்டேன். இப்படிப் பதினைந்து தடவை. சிந்தெடிக் ஆயிலை வடித்துவிட்டு சாதா மினரல் ஆயில்தான் ஊற்றியிருந்தேன், அதையும் 500 கிலோமீட்டரில் மாற்றினேன். வடித்த ஆயிலை வெயிலில் பிடித்தால் வெள்ளிப்பொடி மினுமினுத்தது, கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

இப்போது கடைசி 600 கிலோமீட்டரில் டிப்ஸ்டிக்கில் (ஆயில் பார்க்கும் குச்சியில்) அளவு இறங்கவே இல்லை.

எதிர்பாராதது ஒன்று. இடையில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் வண்டி உதறியது. மறுபடி ரிங்தானோ என்று பார்த்தால், புதிதாக உரசி உட்காரவைத்த வால்வு இன்னும் உள்ளே இறங்கி, மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வில், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜே நுழையவில்லை. டாப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சின்ன இடைவெளியை, திரும்ப வைத்ததும் சரியாகிவிட்டது.