திருப்பூர் ஜாப் ஒர்க் வண்டிகள்: மின்சாரமா, சி.என்.ஜி.யா?

கேள்வி: பின்னலாடைக்காரர்

வணக்கம். எங்கள் பனியன் நிறுவனத்தில் நான்கு டீசல் குட்டியானைகளும் (டாட்டா ஏஸ் போன்ற சிறு சரக்கு வண்டிகள்), தூத்துக்குடித் துறைமுகத்திற்குப் பெட்டிகளைக் கொண்டுசெல்லும் ஒரு லாரியும் ஓடுகின்றன. குட்டியானைகள் நிட்டிங் (பின்னல்), டையிங் (சாயம்), காம்பேக்டிங் (துணியை அழுத்திச் சீராக்குதல்) யூனிட்டுகளுக்கிடையே துணி ரோல்களை ஏற்றி இறக்குவதிலேயே நாளைக் கழிக்கின்றன. ஐரோப்பிய பையர்கள் இப்போது போக்குவரத்தின் கரியமில வாயுக் கணக்கையும் கேட்கிறார்கள். எங்களுக்கு உயரழுத்த மின் இணைப்பும் உடுமலைப் பக்கம் ஒரு காற்றாலையும் உண்டு. டீசலை விட்டு மின்சாரத்துக்கோ சி.என்.ஜி.க்கோ (அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு) மாற நினைக்கிறோம்; எதிலிருந்து தொடங்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: வண்டிக் கணக்கர்

வண்டி விலையைக் கேட்பதற்கு முன்னால், ஒவ்வொரு குட்டியானையும் ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, எவ்வளவு எடை ஏற்றுகிறது என்பதை ஒரு மாதத்திற்கு டிரைவர்களிடம் எழுதி வாங்குங்கள். தூரம் உங்களுக்குத் தடையாக இருக்காது என்றே நினைக்கிறேன், எடைதான் சிக்கல். 2022-இல் வந்த டாட்டா ஏஸ் இ.வி.யின் முதல் மாடல் 600 கிலோதான் ஏற்றும். ரோல் ஒன்று 20 முதல் 25 கிலோ என்று வைத்துக்கொண்டால் இருபத்தைந்து, முப்பது ரோலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நம் ஊரில் டீசல் வண்டியில் அதற்கு மேல் எவ்வளவு ஏற்றுகிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதே பழக்கத்தை மின்சார வண்டியிலும் தொடர்ந்தால், ஒருமுறை சார்ஜுக்கு 154 கி.மீ. என்று சான்றிதழில் இருப்பது சாலையில் கிடைக்காது.

ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான் என்பதும், மின்சாரச் சரக்கு வண்டிக்கு 2018 முதல் பெர்மிட் தேவையில்லை என்பதும் உங்களுக்குச் சாதகம். மாலை ஆறு முதல் பத்து மணி வரை சார்ஜ் போடாதீர்கள். உயரழுத்த இணைப்புக்கு அந்த நேரத்தில் 25 சதவீதம் கூடுதலாக வசூலிப்பார்கள். இரவுப் பத்து மணிக்குப் பிறகு தானாக இயங்கும்படி டைமர் வைத்துவிட்டால் காவலாளியை நம்பியிருக்க வேண்டியதில்லை.

பதில் 2: காற்றுவழி

பையருக்குக் கணக்குக் காட்டுவதுதான் நோக்கமென்றால், மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதே முக்கியம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. லிட்டருக்கு 18 கி.மீ. ஓடும் வண்டிக்கு அது கிலோமீட்டருக்கு 150 கிராம். நம் நாட்டு மின்கட்டமைப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ என்பதால், யூனிட்டுக்கு ஐந்தரை கி.மீ. ஓடும் மின்சார வண்டிக்கும் ஏறக்குறைய 125 கிராம் வந்துவிடும். புகையும் இரைச்சலும் தெருவை விட்டுப் போகும் என்பது உண்மைதான், ஆனால் கரியமிலக் கணக்கில் பெரிய மாற்றம் இருக்காது. உங்கள் காற்றாலை மின்சாரத்தை வண்டிக்குக் கணக்கு வைத்தால்தான் அந்த எண் அடியோடு குறையும். அதற்குச் சார்ஜருக்குத் தனி சப்-மீட்டர் வேண்டும். அந்த மின்சாரத்திற்கான ஆர்.இ.சி. (புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்பதற்கான, விற்கக்கூடிய) சான்றிதழை ஏற்கெனவே விற்றிருந்தால், அதே யூனிட்டை மறுபடி உங்கள் பெயரில் காட்ட முடியாது; தணிக்கையாளர்கள் முதலில் கேட்பதே இதைத்தான்.

சி.என்.ஜி.யில் கரும்புகை வெகுவாகக் குறைகிறது. கரியமில வாயு குறைவது கொஞ்சம்தான். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சிலிண்டர் சோதனைக்கு வண்டியை நிறுத்தவும் வேண்டியிருக்கும்.

பதில் 3: தூத்துக்குடி ரோடு

லாரியை இப்போதைக்குத் தொடாதீர்கள். மின்சார வண்டிகளுக்கான மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் 3.5 டன்னுக்கு மேற்பட்ட மின்சார லாரிகளுக்கு ஊக்கத்தொகை உண்டு என்றாலும், பழைய லாரியை உடைத்ததற்கான சான்றிதழைக் கொடுத்தால்தான் அது கிடைக்கும். வழியில் லாரிக்கேற்ற வேகச் சார்ஜர் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அதுவரை, அரை லோடோடு கிளம்பும் நடைகளில் பக்கத்து யூனிட்டின் பெட்டிகளையும் சேர்த்து ஏற்றினாலே ஒரு பெட்டிக்கான டீசல் கணிசமாகக் குறையும்.

பின்னலாடைக்காரர்

மூவருக்கும் நன்றி. ஆர்.இ.சி. பற்றி எங்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு, ஒரே ஒரு குட்டியானையை மட்டும் முதலில் மாற்றுகிறோம். நிட்டிங்கிலிருந்து டையிங்குக்கு ஓடும் வண்டிதான் எடை குறைவாக ஏற்றுகிறது.