வாக்குத்தத்த அட்டையும் வெண்கலச் சர்ப்பமும்: உடைக்கச் சொன்னது யார்?

சத்துவாச்சாரி ஆசிரியர்:
"விக்கிரகம் என்பது பிறர் வீட்டுச் சங்கதி, கிறிஸ்தவன் அதைப் பற்றிப் பேசவே தேவையில்லை" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்தபின் எனக்குத் தூக்கம் வரவில்லை. பொருளாசையை விக்கிரகாராதனை என்று கொலோசெயர் 3:5இல் பவுல் எழுதியது சபையாருக்குத்தான். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் எடுத்த, அந்த ஆண்டுக்கான வாக்காக ஒரு வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை லேமினேட் செய்து, கல்லாப்பெட்டிக்குள்ளும் வண்டியின் முகப்பிலும் வைத்துவிட்டு, அந்த வசனம் யாருக்கு, எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்று ஆண்டு முழுவதும் ஒருமுறைகூட வேதத்தைத் திறந்து பாராதவர்களை நான் நெடுங்காலமாகப் பார்த்து வருகிறேன். சமாதானத்துக்கேதுவான நினைவுகளைச் சொல்லும் எரேமியா 29:11 எத்தனை வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது! அதற்கு முன் பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேற வேண்டும் என்னும் பத்தாம் வசனத்தை எந்த அட்டையிலும் நான் கண்டதில்லை. பாம்பு கடித்தவர்கள் நோக்கிப் பார்த்துப் பிழைக்கும்படி மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்துக்கு ஜனங்கள் தூபங்காட்டியதால் எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான் (2 இராஜாக்கள் 18:4). அதுவே விக்கிரகமாகும் என்றால் அச்சகத்தில் அடித்த அட்டை ஆகாதா?

குடியாத்தம்காரன்:
நேற்று எழுதியவன் நான்தான் ஐயா. பெயரைச் சொல்லியே கண்டித்திருக்கலாம். வசனத்தைக் கையில் அடையாளமாகக் கட்டிக்கொள், வீட்டு நிலைகளில் எழுது என்று உபாகமம் 6 சொல்லும்போது, என் அப்பா கடையில் மாட்டிய அட்டையை விக்கிரகம் என்பதற்கு உங்களுக்கு அதிகாரம் கொடுத்தது யார்? சர்ப்பத்தைச் செய்யச் சொன்னவர் கர்த்தர். எண்ணாகமம் 21:8இல் தெளிவாக இருக்கிறது. அதை உடைக்கும்படி கர்த்தர் எசேக்கியாவுக்குச் சொன்ன வசனத்தை மட்டும் காட்டுங்கள்.

சத்துவாச்சாரி ஆசிரியர்:
தம்பி, உடைத்ததைச் சொல்லும் 2 இராஜாக்கள் 18:4க்கு முந்தைய வசனமே, எசேக்கியா கர்த்தரின் பார்வைக்குச் செம்மையானதைச் செய்தான் என்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? உபாகமம் வசனத்தை எழுதச் சொன்னது, அதைப் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதித்து, வீட்டில் உட்காருகிறபோதும் வழியில் நடக்கிறபோதும் பேசுவதற்காக. வியாபாரம் பெருகட்டும் என்று கல்லாவில் வைப்பதற்கு ஒப்பான காரியம் 1 சாமுவேல் 4இல் இருக்கிறது. கற்பனைப் பலகைகள் வைத்த உடன்படிக்கைப் பெட்டி போர்ப் பாளயத்துக்கு வந்துவிட்டால் வெற்றி நிச்சயம் என்று ஆர்ப்பரித்த இஸ்ரவேலில் 30,000 காலாட்கள் விழுந்தார்கள், பெட்டியும் பிடிபட்டது. அதனால்தான் ரோமாபுரிச் சபைகளின் சுரூபங்களைக் குறை சொல்வதற்கு முன் நம் கல்லாவைப் பாருங்கள் என்கிறேன்.

குடியாத்தம்காரன்:
செம்மையானதைச் செய்தான் என்பது அவனுடைய ஆட்சிக்குக் கிடைத்த பொதுவான சாட்சி. உடைக்கச் சொன்ன வசனம் எங்கே?

பாலாற்றங்கரை கத்தோலிக்கன்:
உங்கள் அட்டைச் சண்டையில் எங்கள் சுரூபங்களை ஏன் இழுக்கிறீர்கள்? கடவுளுக்கு மட்டுமே உரிய ஆராதனை வேறு, புனிதர்களுக்குச் செய்யும் வணக்கம் வேறு என்று நீசேயாவில் 787ஆம் ஆண்டிலேயே திருச்சங்கம் வரையறுத்துவிட்டது. விடுதலைப் பயணம் (உங்கள் யாத்திராகமம்) 25ஆம் அதிகாரத்தில் கெருபுகள் என்னும் வானதூதர் உருவங்களைப் பொன்னால் செய்யச் சொன்னவரும் அதே கடவுள்தான். செப்டம்பர் 8ஆம் தேதித் திருவிழாவுக்கு வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் என் அம்மாவின் செபத்தைக் கல்லாப்பெட்டியோடு ஒப்பிட்டதற்கு நீங்கள் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

சத்துவாச்சாரி ஆசிரியர்:
அம்மாவின் செபத்தை நான் ஒப்பிடவில்லை. என் வாக்கியத்தை மறுபடியும் படியுங்கள். குற்றம் சாட்டியது என் சபையைத்தான்.

ஆரணி மருமகள்:
மூவரும் பொருள்களையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். விக்கிரகங்களை இருதயத்தின்மேல் நாட்டியவர்கள் என்று எசேக்கியேல் 14 சொல்வது, கையால் தொட முடியாத விக்கிரகங்களைப் பற்றி. ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுத்துவிட்டு, மாப்பிள்ளை தேடும்போது முதல் கேள்வியாகச் சாதியைக் கேட்கும் வழக்கம் வட ஆற்காட்டுச் சபைகளில் இன்னும் இருக்கிறது. என் நாத்தனாருக்கு நல்லதொரு வரன் அமைந்தும் அந்த ஒரு கேள்வியில் நின்றுபோயிற்று. எங்கள் வீட்டார் அதைத் தேவசித்தம் என்றார்கள். பிள்ளைகளின் மருத்துவக் கல்லூரி இடமும் அப்படித்தான். மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவ ஊழியத்தைத் தொடங்கிய வேலூரில் வாழ்ந்துகொண்டு, இடம் கிடைக்காத பிள்ளையை வீட்டார் முகம் கொடுத்துப் பேசாமல் ஒதுக்குவதை நான் கண்டிருக்கிறேன்.

குடியாத்தம்காரன்:
அக்கா சொல்வது வேறு விஷயம். எசேக்கியாவுக்குக் கட்டளை கொடுத்த வசனத்தை ஆசிரியர் இன்னும் காட்டவில்லை. சபை நிர்வாகத்துக்கான போன குருசேகரக் கமிட்டித் தேர்தலில் என் அப்பாவுக்கு எதிராக நின்றவரின் பக்கம் இவர் இருந்தார் என்பது இங்கே பலருக்கும் தெரியும். அட்டை எங்கள் கடையில் இருப்பதுதான் இவருக்கு உறுத்துகிறது.

சத்துவாச்சாரி ஆசிரியர்:
தேர்தலை இழுக்காதீர்கள். உங்கள் தந்தையின்மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர் அட்டையை எங்கே மாட்டினார் என்பதே எனக்குத் தெரியாது. என் தாயார் படுக்கையில் கிடந்த மாதங்களில், கூட்டத்தில் வாங்கிவந்த ஜெப எண்ணெய்ப் புட்டி தலைமாட்டில் இல்லாவிட்டால் கண்ணை மூடமாட்டார்கள். ஒரு நாள் அது காலியானபோது கர்த்தரே தம்மைக் கைவிட்டதுபோல் அழுதார்கள். அன்றுதான் எனக்கு விளங்கிற்று. எந்தப் பொருள் இல்லாவிட்டால் ஜெபிக்க முடியாமல் போகிறதோ, அந்தப் பொருள் கர்த்தருடைய இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. நான் அந்தப் புட்டியை மறுபடி நிரப்பவில்லை. ஒவ்வொரு இரவும் ஒரு சங்கீதத்தை முழுமையாக வாசித்தேன். முதல் வாரம் அவர்கள் என்மேல் கோபமாக இருந்தார்கள். பிறகு 121ஆம் சங்கீதத்தை நான் தொடங்குமுன்னே அவர்களே சொல்லத் தொடங்கினார்கள். அட்டையைக் கிழித்தெறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதைக் கல்லாவிலிருந்து எடுத்து வேதத்துக்குள் அந்த அதிகாரத்தில் வைத்து முழுவதையும் வாசியுங்கள் என்கிறேன்.

பாலாற்றங்கரை கத்தோலிக்கன்:
பவுலின் உடலில் பட்ட கைக்குட்டைகளால் நோயாளிகள் குணமடைந்ததாகத் திருத்தூதர் பணிகள் 19:12 சொல்கிறதே, அதையும் கிழித்தெறியச் சொல்வீர்களா? வருத்தம் தெரிவிப்பதற்குப் பதிலாகச் சங்கீதம் சொல்கிறீர்கள்.

சத்துவாச்சாரி ஆசிரியர்:
அந்த அற்புதங்களைத் தேவன் செய்தார் என்று அதற்கு முந்தைய வசனத்திலேயே லூக்கா எழுதியிருக்கிறார். கைக்குட்டைக்கு யாரும் தூபங்காட்டவில்லை, சர்ப்பத்துக்குக் காட்டினார்கள். தூபங்காட்டிய நாளில் அது வெறும் வெண்கலம் என்று பொருள்படும்படி எசேக்கியா அதற்கு நிகுஸ்தான் என்று பேரிட்டான்.

ஆரணி மருமகள்:
நான் கேட்ட சாதிக் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

குடியாத்தம்காரன்:
பேரிட்டான், சரி. உடைக்கச் சொன்னது யார்? வசன எண்ணை மட்டும் எழுதுங்கள் ஐயா.

சத்துவாச்சாரி ஆசிரியர்:
2 இராஜாக்கள் 18:6. கர்த்தர் மோசேக்குக் கற்பித்த கற்பனைகளைக் கைக்கொண்டு நடந்தான் என்றிருக்கிறது. அந்தக் கற்பனைகளில் விக்கிரகத்தை உண்டாக்காதே, சேவிக்காதே என்னும் யாத்திராகமம் 20:4, 5ஆம் வசனங்களும் இருக்கின்றன.

குடியாத்தம்காரன்:
அதில் சர்ப்பம் என்ற சொல் இல்லை.