கும்பகோணம்: ஊருக்குள்ள வாடகை வீடா, பைபாஸ் பக்கம் சொந்த மனையா? பிள்ளைக்கு எது நல்லது?

குடந்தை அம்மா:
சாரங்கபாணி கோயில் பக்கத்துல ஒரு சந்துல வாடகைக்கு இருக்கோம். பையன் நாலாவது, ஸ்கூலுக்கு அவனும் பக்கத்து வீட்டு அக்காவும் நடந்தே போயிடுவாங்க, பத்து நிமிஷம்கூட ஆவாது. அவங்க அப்பா பைபாஸ் பக்கம் ஒரு மனை பாத்திருக்காரு, தனி வீடு, காத்தோட்டமா இருக்கும்னு சொல்றாரு, அது சரிதான், ஆனா அங்கேர்ந்து வேன்தான், ஒரு பேனா வாங்கணும்னாலும் வண்டிய எடுக்கணும். இது பெரிய விஷயமா, இல்ல நான்தான் ரொம்ப யோசிக்கிறேனா?

மாயவரம் அப்பா:
பெரிய விஷயம்தாங்க. பொண்ணுக்கு எட்டு வயசு இருக்கறப்ப நாங்களும் இப்படித்தான் வெளில போனோம். அதுக்கு முன்னாடி பட்டமங்கலத் தெரு பக்கம் இருந்தோம், மளிகைக் கடைக்கு அவளே போயி மீதி சில்லறைய எண்ணி வாங்கிட்டு வருவா, ஐப்பசில பாட்டியோட காவேரிக்கு நடந்து போவா, தெருவுல பாதிப் பேருக்கு அவள பேர் சொல்லித் தெரியும். இப்ப பதிமூணு ஆவுது, தனியா பஸ் ஸ்டாண்டு போகத் தெரியல. அவ தப்பு இல்ல, நாங்க எங்கயும் நடக்க விடல.

தஞ்சை டீச்சர்:
5லேர்ந்து 17 வயசு வரைக்கும் தினம் சராசரியா 60 நிமிஷமாவது நல்லா மூச்சு வாங்குற மாதிரி உடம்பு அசையணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, வேகமா நடந்து போற பிள்ளைக்கு அதுல ஒரு பங்கு தன்னால முடிஞ்சிடும், வெளி வெளிச்சத்துல நிறைய நேரம் இருந்தா கிட்டப்பார்வை வர்றதும் தள்ளிப்போவும். கல்வி உரிமைச் சட்டத்தோட மாதிரி விதிகள்லயே 1–5 வகுப்புக்கு 1 கிலோமீட்டர் நடை தூரத்துல பள்ளிக்கூடம் இருக்கணும்னுதான் இருக்கு. இங்கிலாந்துல 1971ல 7, 8 வயசுப் பிள்ளைங்கள்ல 80 சதவீதம் பேர் பெரியவங்க துணையில்லாம ஸ்கூலுக்குப் போனாங்க, 1990ல அது 9 சதவீதம். ரோட்டுல வண்டி பயம்தான் பெத்தவங்க சொன்ன முக்கிய காரணம். ஒருதடவ விட்டா திரும்ப வராத பழக்கம் இது.

திருவையாறு:
கிட்டக்க இருந்தா மட்டும் போதாது டீச்சர். பிளாட்பாரம் பூரா கடை, பைக், சாக்கடை மேல மூடி இல்ல, முகூர்த்த நாள்னா பெரியவங்களே ஒதுங்க இடமில்ல. கிட்ட இருக்கறவங்க சேர்ந்து வார்டு கவுன்சிலர்கிட்ட அதையும் கேக்கணும். அம்மா, ஊருக்குள்ளயே சின்னதா பழைய வீடு ஏதாவது வருதான்னு பாருங்க.

குடந்தை அம்மா:
எல்லாருக்கும் நன்றிங்க. நாளைக்கு சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் வண்டிய வீட்டுலயே விட்டுட்டு பையனோட நடந்து வாங்கன்னு அவங்க அப்பாகிட்ட சொல்லிருக்கேன். முன்பணம் குடுக்கறத அதுக்கப்பறம் பேசிக்கலாம்னுட்டேன்.